துரும்பும் உத்திரமும்: பினாங்குச் சபை ஒன்றின் கணக்கு விவகாரம்

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் 2022 ஜனவரியில் வெளிப்பட்டு 2023 டிசம்பரில் முடிந்த ஒரு பண விவகாரத்தையும், அதைச் சபையார் கையாண்ட விதத்தையும் இங்கே எழுதுகிறேன். சபையின் பெயரையும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் குறிப்பிடவில்லை. நான் அந்தச் சபையின் கணக்குத் தணிக்கையாளர்கள் இருவரில் ஒருவன். கூடத்தின் கடைசி வரிசையில் இருந்து வேடிக்கை பார்த்தவனின் குறிப்பாக இதை வாசிக்க வேண்டாம்; அந்தத் தவறு நடப்பதற்குக் கதவைத் திறந்து வைத்தவர்களில் நானும் ஒருவன் என்பது போகப் போகத் தெரியும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்லும் மத்தேயு 18:15–17-ஐ எடுத்துக்கொண்டு ஒரு முழுப் பிரசங்கமே செய்திருக்கிறார். எதிரில் இல்லாத ஒருவரின் தீமையைப் பேசுவதுதான் புறங்கூறுதல், பேசப்படுவது உண்மையாகவே இருந்தாலும் அது புறங்கூறுதல்தான் என்று அதில் வரையறுக்கிறார். அந்த அளவுகோலின்படி இந்தக் கட்டுரையே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியது. ஆகவே எழுதி முடித்ததும் சம்பந்தப்பட்ட பெண்மணியின் வீட்டுக்குப் போய் முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் இரண்டு இடங்களில் திருத்தம் சொன்னார், ஓர் இடத்தை எடுத்துவிடச் சொன்னார். மீதிக்குச் சம்மதித்தார்.

நிகழ்வு

அந்த அக்கா பதினொரு ஆண்டுகள் சபையின் பெண்கள் அமைப்பான மாதர் ஐக்கியத்தின் பொருளாளராக இருந்தவர். நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது கையில் கொடுக்கும் உதவித்தொகை, கிறிஸ்துமஸுக்கு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் அரிசி, எண்ணெய், மைலோ பொட்டலங்கள் ஆகியவற்றுக்கான பணம் அந்தக் கணக்கில் இருந்தது. காசோலையில் இருவர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. ஆனால் செயலாளராக இருந்தவர் மகளின் பிரசவத்துக்காக ஜொகூருக்குப் போகும்போது, அவசரத்துக்கு உதவட்டும் என்று பத்துக் காசோலைகளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இதை நாங்கள் எல்லாருமே அறிவோம். தவறாக யாருக்கும் தோன்றவில்லை.

அக்கா தம் குடியிருப்பில் ஒரு கூட்டும் நடத்திவந்தார்; எல்லாரும் மாதந்தோறும் பணம் போட, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் சீட்டு அது. மாதம் ஆளுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்), இருபது பேர், நடத்தும் பொறுப்பாளராகிய தலை அவர்தான். (மலேசியாவில் இது 1971-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டுத் தடுக்கப்பட்ட காரியம், அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம்முடைய ‘கூட்டு’ என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் தோட்டத்திலிருந்து பட்டணம்வரை அது நின்றபாடில்லை.) 2021 ஜூன் முதல் தேதி நாடு முழுவதும் கொரோனாவால் முழு முடக்கம் வந்தது. ஏற்கெனவே மொத்தத் தொகையை எடுத்துவிட்டிருந்த இரண்டு பேருக்கு வேலை போயிற்று. அவர்கள் மாதத் தவணையைக் கட்டவில்லை. கூட்டில் விழும் ஓட்டையைத் தலைதான் அடைக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அக்கா ஐக்கியத்தின் கணக்கிலிருந்து மாதம் 600 வெள்ளியாக ஜூன் முதல் டிசம்பர்வரை ஏழு மாதங்கள் எடுத்தார். மொத்தம் 4,200 வெள்ளி.

எடுக்கும்போது திருட்டு என்ற எண்ணமே தமக்கு இல்லை, அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு மாதமும் நினைத்தேன் என்று பின்னர் சொன்னார். இதை நான் நம்புகிறேன். ஆனால் எடுத்தது எடுத்ததுதான். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் பொட்டலங்களுக்கு அரிசி கொடுத்த கடைக்காரர், ஜனவரி இரண்டாம் வாரத்தில் பில் தொகை வரவில்லை என்று போதகருக்கே போன் செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

தலைகீழாக நடந்த மத்தேயு 18

வங்கி அறிக்கையை அச்செடுத்து வந்த ஐக்கிய உறுப்பினர் ஒருவர், காசோலை எண்கள் தெரிந்த அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, இரவு பதினொரு மணிக்கு மாதர் ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே அவர் எழுதியது ஒரே வரி: ‘ஜெபியுங்கள்.’ அந்தக் குழுவில் அக்காவும் இருந்தார். மறுநாள் காலை பசியாறுவதற்குள் அந்தப் படம் பக்கத்து மாநிலமான கெடாவின் சுங்கைப் பட்டாணிவரை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை செயற்குழு கூடியது. அவருக்கு அழைப்பு இல்லை. பொறுப்பிலிருந்து நீக்குவது, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்திலிருந்து விலக்கி வைப்பது, அதை ஆராதனையில் அறிவிப்பது என்று மூன்று முடிவுகள் ஒரே மணி நேரத்தில் எடுக்கப்பட்டன. ‘அந்தப் பொல்லாதவனை உங்களைவிட்டுத் தள்ளிப்போடுங்கள்’ என்ற 1 கொரிந்தியர் 5:13 வாசிக்கப்பட்டது. விலக்கு எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குழுவில் இன்னொரு சாராரும் இருந்தார்கள். அவர்கள் கையில் மத்தேயு 7:1 இருந்தது: ‘நீங்கள் குற்றவாளிகளென்று தீர்க்கப்படாதபடிக்கு மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்.’ நாம் யார் தீர்ப்பதற்கு, எல்லாரும் பாவிகள்தானே, தொகையை நாலு பேர் போட்டு அடைத்துவிட்டு அமைதியாக விட்டுவிடலாம் என்றார்கள். கேட்பதற்கு அன்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 4,200 வெள்ளி செயற்குழுவின் பணமல்ல. சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் ஒருவருக்கு வண்டிக்கூலியாகக் கொடுத்திருக்க வேண்டியது அது. அதைக் காணாததுபோல் விடுவதற்கு எங்களில் யாருக்கும் உரிமை இல்லை.

சபை என்ற சொல்லே மத்தேயு 18-இல் மூன்றாவது படியில்தான் வருகிறது. முதல் படி, ‘அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து’ என்பது. அதற்குச் செவிகொடுக்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போவது. அதற்கும் மசியாவிட்டால்தான் சபைக்குத் தெரியப்படுத்துவது. எங்கள் விவகாரத்தில் முதலில் ஊருக்குத் தெரிந்தது, பிறகு சபைக்கு, பிறகு குழுவுக்கு. தனித்திருக்கையில் அவரிடம் பேசியவர் ஒருவர்கூட இல்லை. படிகள் அனைத்தையும் ஏறினோம். மேலிருந்து கீழாக ஏறினோம் என்பதுதான் குறை.

வசனத்தைத் திரும்ப வாசித்தபோது

பிப்ரவரியில் போதகர் ஐயா செயற்குழுவை மீண்டும் கூட்டி, முடிவுகளைப் பற்றிப் பேசாமல் வசனங்களை மட்டும் இரண்டு மாலை வாசிக்கவைத்தார். அந்த இரண்டு மாலைகளில் எனக்குக் கிடைத்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

மத்தேயு 7:1-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாம் வசனத்துக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். ‘முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்’ என்று அங்கே இருக்கிறது. துரும்பை விட்டுவிடு என்று இயேசு சொல்லவில்லை. அதை எடுக்கத்தான் வேண்டும், எடுப்பவனுக்குக் கண் தெரிய வேண்டும் என்கிறார். யோவான் 7:24-இல் அவரே ‘நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்’ என்று கட்டளையிடுகிறார். லேவியராகமம் 19:17 இன்னும் கடுமையானது: பிறனைக் கடிந்துகொள்ளாமல் உள்ளத்தில் பகையை வைத்திருப்பதையே அது தடுக்கிறது. நட்பு என்பது சிரித்துப் பேசுவதற்கன்று, மிஞ்சும்போது இடித்துரைப்பதற்கு என்று குறளில் படித்து வளர்ந்த நமக்கு இது புதுச் செய்தியும் அல்ல.

தச்சர் வீட்டில் வளர்ந்தவர் சொன்ன உவமை இது என்பதையும் கவனிக்க வேண்டும். துரும்பும் மரம்தான், உத்திரமும் மரம்தான். அளவு வேறு, சரக்கு ஒன்று. உத்திரம் என்றால் ஏதோ சம்பந்தமில்லாத இன்னொரு பெரிய பாவம் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். நம் கோபம், நம் பெருமை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது எளிது. அந்த மாலையில் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கின் அரையாண்டுத் தணிக்கையில் கையெழுத்திட்டவன் நான். முடக்கக் காலமாதலால் வங்கி அறிக்கையைப் பார்க்காமலே, அக்கா எழுதிக் கொடுத்த பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டேன். ஜூன் மாதத்து முதல் 600 வெள்ளி அந்த அரையாண்டுக்குள்தான் இருந்தது. அன்று நான் வங்கி அறிக்கையைக் கேட்டிருந்தால் இழப்பு 600-உடன் நின்றிருக்கும். மீதி 3,600 வெள்ளிக்கு என் சோம்பலும் துணைபோயிருக்கிறது. செயலாளர் வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டார், நான் வெற்று நம்பிக்கையில் கையெழுத்திட்டேன், அக்கா அந்த இரண்டையும் பயன்படுத்திக்கொண்டார். ஒரே மரம்.

இதைச் சொன்னதும் குழுவில் ஒருவர், அப்படியானால் அவர் குற்றம் குறைந்துவிட்டதா என்று கேட்டார். குறையவில்லை. அவர் எடுத்தார், நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசப்போகும் குரல் அன்றைக்கு மாறிவிட்டது.

கலாத்தியர் 6:1-க்கு வந்தபோது மூப்பர் ஒருவர் பேசினார். குற்றத்தில் அகப்பட்டவனைச் ‘சாந்தமுள்ள ஆவியோடே’ சீர்பொருந்தப்பண்ணுங்கள் என்று பவுல் எழுதும் இடத்தில் கிரேக்கத்தில் வரும் வினைச்சொல்தான், மத்தேயு 4:21-இல் யாக்கோபும் யோவானும் படகில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது என்று போதகர் விளக்கினார். மூப்பர், தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த் பக்கம் கடலோரத்தில் வளர்ந்தவர். வலை கிழிந்தால் உடனே ஊசியை எடுத்துப் பின்னிவிட மாட்டார்கள் என்றார் அவர். முதலில் பிய்ந்து தொங்கும் நூல்களைக் கத்தியால் வெட்டுவார்கள்; கெட்டியான முடிச்சு கிடைக்கும்வரை வெட்டுவார்கள்; ஓட்டை முன்பைவிடப் பெரிதாகிவிடும். பிறகு அந்த முடிச்சிலிருந்து தொடங்கிக் கண் கண்ணாகப் பின்னுவார்கள். ‘வெட்டாம பின்னுனா மறுநாளே பிச்சிக்கும் ஐயா. வெட்டிட்டுப் பின்னாம போனா அது வலையே இல்ல’ என்றார். அந்த இரண்டு நாளில் பேசப்பட்டவற்றில் எங்கள் இரு சாராரையும் ஒருசேர வாயடைக்கவைத்தது இதுதான்.

வெட்டிவிட்டுப் பின்னாமல் விட்டதற்கான சான்று எங்கள் தீர்மானப் புத்தகத்திலேயே இருந்தது: விலக்குக்கு முடிவு தேதி இல்லை. ஆதித் திருச்சபையைப் பற்றி அது இரக்கமற்றது என்று சொல்பவர்கள் உண்டு. 325-ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கத்தின் 11-ஆம் விதி, கட்டாயம் ஏதுமின்றி விசுவாசத்தை மறுதலித்தவர்களைப் பற்றியது. மூன்று ஆண்டுகள் வசனம் கேட்போர் வரிசையில், ஏழு ஆண்டுகள் பணிந்து விழுவோர் வரிசையில், இரண்டு ஆண்டுகள் காணிக்கை இல்லாமல் ஜெபத்தில் மட்டும் பங்குபெறுதல் என்று பன்னிரண்டு ஆண்டுகள். கடுமைதான். ஆனால் அதற்கு ஒரு கடைசி நாள் இருந்தது. தள்ளப்பட்டவருக்குத் தாம் திரும்பி வரும் ஆண்டு தெரிந்திருந்தது. நாங்கள் ஒரு மணி நேரத்தில் போட்ட தீர்மானத்தில் அதுகூட இல்லை.

பவுலும் தள்ளிப்போடச் சொன்னதோடு பேனாவை வைத்துவிடவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், ‘அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்’ என்றும், தண்டிக்கப்பட்டவன் ‘அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு’ அவனை மன்னித்து ஆறுதல் செய்ய வேண்டும் என்றும் எழுதுகிறார். இந்த மனிதனும் முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்து மனிதனும் ஒருவர்தான் என்று பழைய உரையாசிரியர்கள் பலர் கொண்டார்கள். இக்கால ஆய்வாளர்கள் பலர் வேறு ஆள் என்கிறார்கள். யாராக இருந்தாலும், போதும் என்று சொல்லும் கடமை சபைக்கு உண்டு என்பது மாறவில்லை.

ஒரு மாலை

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு மாலை, அந்த மூப்பரும் நானும் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் வழியாகத் தீவுக்குப் போனோம். பதின்மூன்றரை கிலோமீட்டர் பாலத்தில் நெரிசல். பேசுவதற்கு நேரம் நிறைய இருந்தது, பேச்சுதான் வரவில்லை. அக்காவின் வீடு ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில். மூப்பர் கீழேயே நின்றுகொண்டு, ‘நீங்க முதல்ல தனியா போங்க. தேவைன்னா கூப்பிடுங்க’ என்றார். முதல் படி தவறிப்போயிருந்தாலும் அதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

கதவைத் திறந்தவர், ‘வாங்க அண்ணே’ என்றார், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, ஜூன் கணக்கில் வங்கி அறிக்கையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்பதற்காகச் சொல்லவில்லை, அது நடந்ததைச் சொல்லும் வரிசையில் முதலாவதாக வருவதால் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சாமி படம் மாட்டும் இடத்தில் இருந்த வசனக் காலண்டர் இன்னும் ஜனவரியிலேயே நின்றிருந்தது.

தாவீது ராஜாவின் பாவத்தை உணர்த்த நாத்தான் தீர்க்கதரிசி அவரிடம் போனபோது குற்றப்பத்திரிகையோடு போகவில்லை, ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியின் கதையோடு போனான். என்னிடம் கதை ஏதும் இல்லை. சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவரின் வண்டிக்கூலியைப் பற்றி மட்டும் சொன்னேன், அது எத்தனை வாரம் தடைப்பட்டது என்பதையும் சொன்னேன். அவர் அழுதது அங்கேதான். வாட்ஸ்அப் படத்தைப் பற்றிப் பேசியபோது அவர் அழவில்லை, முகம் இறுகியது. ஒரே நாளில் ஒரே மனிதரிடம் கண்ட இந்த வேறுபாட்டை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவமானம் அவரை இறுக்கியது, பாதிக்கப்பட்டவரின் பெயர் அவரைக் கரைத்தது.

பிறகு மூப்பரை மேலே கூப்பிட்டோம். தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) வந்தது. மாதம் 200 வெள்ளி வீதம் 21 மாதங்களில் திருப்பிக் கட்டுவது என்று அங்கேயே எழுதிக்கொண்டோம்.

சபைக்குச் சொன்னதும் சொல்லாததும்

ஏப்ரல் முதல் ஞாயிறு போதகர் சபையாரிடம், எவ்வளவு தொகை எடுக்கப்பட்டது, எப்படித் திரும்ப வருகிறது, தணிக்கையில் யார் தவறினார்கள் என்பதைச் சொன்னார். என் பெயரும் வாசிக்கப்பட்டது. அக்காவின் குடும்ப நிலைமையோ கூட்டு விவகாரமோ சொல்லப்படவில்லை. பொறுப்பில் இருப்பவர்களின் தவறு சபைக்கு மறைக்கப்படக் கூடாது என்பதற்கு 1 தீமோத்தேயு 5:20 போதுமான ஆதாரம். அது மூப்பர்களைப் பற்றியது என்றாலும் பொதுப்பணத்தைக் கையாளும் எவருக்கும் நியாயப்படி பொருந்தும். ஆனால் கணக்கைக் கேட்கும் உரிமை வேறு, கதையைக் கேட்கும் ஆசை வேறு. தனித்துப் பேசுதல் என்பதை மூடிமறைத்தல் என்று சிலர் புரிந்துகொண்டு, பணத்தைப் பற்றியே சொல்லியிருக்கக் கூடாது என்றார்கள். அவர்களுடன் நான் இன்றும் உடன்படவில்லை. காவல்துறையில் நம்பிக்கை மோசடி என்று புகார் செய்திருக்க வேண்டும் என்று சொல்லி இரண்டு குடும்பங்கள் சபையை விட்டே போய்விட்டன. அவர்கள் கேட்டதும் தப்பில்லை. திருப்பிக் கட்ட மறுத்திருந்தால் நானே அதற்கு வாக்களித்திருப்பேன்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும். இந்த விவகாரத்தை முன்மாதிரியாகக் காட்டி, எந்தத் தவறையும் முதலில் தனியாகப் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்று வேறொரு சபையில் ஒருவர் வாதிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது மிக ஆபத்தான வாதம். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், தீங்கு செய்தவனிடம் தனியாகப் போய்ப் பேசுவது அவனுக்கு எச்சரிக்கை கொடுப்பதாகவே முடியும். பிள்ளையைப் போய்ப் பேசச் சொல்வது கொடுமை. மலேசியாவில் 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, அத்தகைய தகவல் தெரிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அதே மத்தேயு 18 அதற்கு முன்பே, சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லை (மாவரைக்கும் கல்லை) கட்டுவதைப் பற்றிப் பேசிவிடுகிறது. பதினைந்தாம் வசனத்தை எடுத்துக்கொண்டு ஆறாம் வசனத்தை விட்டுவிட்டுப் போக முடியாது.

எங்கள் விவகாரம் அப்படிப்பட்டதல்ல. எடுத்தவர் வளர்ந்தவர், எடுத்தது பணம், திருப்பித் தரக்கூடியது.

பின் நடந்தவை

திருவிருந்து விலக்கு ஈஸ்டரோடு முடிந்தது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது. ஈஸ்டர் அன்று அக்கா வந்தார். முன்பு உட்காரும் வரிசையில் உட்காரவில்லை, வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார். படத்தை வாட்ஸ்அப்பில் போட்ட சகோதரி அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இருவரும் பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தச் சகோதரியிடமும் போதகர் தனியாகப் பேசினார் என்பது மட்டும் தெரியும். என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

பொருளாளர் பொறுப்பு அவருக்குத் திரும்பக் கொடுக்கப்படவில்லை. மன்னித்தால் பழையபடி சாவியையும் கையில் கொடுக்க வேண்டாமா என்று ஒரு தம்பி கேட்டான். அதற்கு அக்காவே பதில் சொல்லிவிட்டார்: ‘வேணாம் தம்பி. எனக்கே பயமா இருக்கு.’ இப்போது சமையற்கட்டில் இருக்கிறார். மாதக் கடைசி ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அவர் செய்யும் சாம்பாரை அறுபது பேர் சாப்பிடுகிறார்கள். காசோலைப் புத்தகத்தைப் போதகர் அறையின் இரும்புப் பெட்டியில் வைக்கிறோம், முன்கூட்டிக் கையெழுத்திடுவது நின்றுவிட்டது. வங்கி அறிக்கையை மாதந்தோறும் நானே போய் எடுக்கிறேன்.

இருபத்தொரு தவணைகளில் இரண்டு மாதம் தாமதமாக வந்தது, ஒரு மாதம் 150 வெள்ளிதான் வந்தது, மீதி 50 அடுத்த மாதம் சேர்ந்து வந்தது. 2023 டிசம்பர் மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா காணிக்கை உறையில் கடைசி 200 வெள்ளியைக் கொண்டுவந்தார். நான் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைக்கப் போனேன்.

‘எண்ணுங்க அண்ணே. ரசீது போட்டுக் கொடுங்க’ என்றார்.

எண்ணினேன். நான்கு ஐம்பது வெள்ளித் தாள்கள். ரசீது புத்தகத்தை எடுத்துவரச் செய்து எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார்.